வினாடிக்குப் பதினொன்று

ஊட்ரம், நான்காம் மாடி.
புகைமூட்டத்தில் எதிர்க் கட்டடத்தைக் காணோம்.
நுஸைபாவின் மூக்கில் சின்னத் தூரிகையால்
வருடி எடுத்த செல்கள் கண்ணாடித் தகட்டில்.
மூக்கு கீழே, காத்திருப்பு அறையில்,
அத்தாவின் தோளில் தும்மிக்கொண்டிருக்கிறது.
இவற்றுக்கு அது தெரியாது.
துடுப்பு வலிப்பதை நிறுத்தவில்லை.

காணொளியை மெதுவாக்கி எண்ணுகிறேன்.
குளிர்சாதனத்தில் சோம்பி, வினாடிக்கு ஐந்து.
தட்டைச் சூடேற்றினேன்: முப்பத்தேழு பாகை.
எட்டு.
பதினொன்று.

ஒவ்வோர் இழைக்குள்ளும் ஒன்பது இரட்டைக் குழல்கள்,
அவற்றில் வரிசையாய் இழுக்கும் கைகள்.
எல்லாம் ஒருசேர இழுத்தால்
இழை விறைத்து நிற்கும், அவ்வளவுதான்.
ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் வாளாவிருக்கணும்.
பிறகு முறை மாறணும்.
யார் சொல்லி மாறுகிறது?
எட்டு வருடமாய்க் கேட்கிறேன்.
கால்சியம் என்கிறார் ஒருவர்,
வளைவுதான் வளைவுக்குக் கட்டளை என்கிறார் இன்னொருவர்.
இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஓரத்தில் ஒரு கொத்து மட்டும் அசையவில்லை.
வயிற்றில் என்னவோ செய்தது.
குவியத்தைத் திருப்பினேன். சளி, ஒரு நூலளவு.
அதன் அடியில் அத்தனையும் தள்ளிக்கொண்டிருந்தன.

"இயல்பு" என்று தட்டச்சிட்டேன்.

முகக்கவசம் மாட்டிக்கொண்டு எம்ஆர்டிக்கு நடக்கிறேன்.
புகைக் குறியீடு நூற்று எழுபத்திரண்டு.
உள்ளே, என்னைக் கேட்காமலே,
தொண்டையை நோக்கி எதையோ நகர்த்துகின்றன.