ஏப்ரலில் உலர்பவை

துங்கா கரையில் மழை
கேட்டுக்கொண்டு வருவதில்லை.
வலைமேல் பரப்பிய ஒமேனா,
விரல் நீளம்கூட இல்லாத வெள்ளி மீன்,
மூன்று மணிக்குப் பணம்.
நான்கு மணிக்குக் கோழித்தீவனம்.
நடுவிலிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான்
தொழிலாக்க நினைத்தேன்.

தகரம், கண்ணாடித்தாள்,
உடைத்த லாரியொன்றின் விசிறி, ஒரு சூரியத் தகடு.
முதல் உலர்த்தி வியர்த்தது.
இரண்டாவது மீனை வேகவைத்தது.
மூன்றாவதைக் காற்று ஏரிக்குள் தள்ளிப்போய்
ஆகாயத்தாமரைக்கு நடுவே நிறுத்தியது.
ஒரு கொக்கு அதன்மேல் இரண்டு நாள் குடியிருந்தது.
"நம் முதல் வாடிக்கையாளர்" என்றான் ஒபியேரோ.
சிரித்தோம்.
அப்போது பங்குதாரர் என்ற இடத்தில்
இரண்டு கையெழுத்து இருந்தது.

நைரோபியில் பதினோராவது மாடி.
குளிரூட்டிய அறையில் ஒருவர்
பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:
"இதைப் பத்து மடங்காக்க முடியுமா?"
முடியும் என்றேன்.
இரவுப் பேருந்து நகுரு தாண்டிய பிறகுதான்
எதை என்று கேட்கத் தோன்றியது.
மீனையா, மழையையா,
தையல் மிஷினை விற்று அக்கா கொடுத்த
நாற்பதாயிரம் ஷில்லிங்கையா?

நான்காவது உலர்த்தியைப் பற்றி
எழுதுவதாக இல்லை.

மார்ச்சில் ஒபியேரோ
காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தான்.
இஸ்திரி போட்ட சட்டை, மாதக் கடைசியில் சம்பளம்.
அவன்மேல் கோபமே இல்லை என்று
இதுவரை நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன்.

தூக்கம் வராமல் கைபேசியைத் திறந்தால்
யாரோ ஒருவர் மேடையேறிக் கத்துகிறார்,
விட்டுவிடாதே, விட்டுவிடாதே.
அவருக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் உதயம்.
அங்கே நனைந்துகொண்டிருப்பது எதுவுமில்லை.
அணைத்துவிட்டுக் கணக்கு நோட்டின் ஓரத்தில்
அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன், விடாமுயற்சி.
விட என்று எழுதி
பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டால் விடா.
அந்த ஒற்றைக் கால்தான் வித்தியாசம்.
அதுவும் துணைக்கால்.
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதில் கரியடுப்பின் சூட்டையும் சேர்த்தேன்,
வெயில் இல்லாவிட்டாலும் ஓடட்டும் என்று.
புதன்கிழமை, பேய்மழை.
ஒட்டுலாவின் அம்மாவிடம் சாவி இருந்தது.
மதியம் கதவைத் திறந்தால்
மீன் தட்டில் பள்ளிச் சீருடை.
மேல்தட்டில் நீல ஸ்வெட்டர்,
அதற்கும் மேலே, கச்சிதமாக, ஒரு ஜோடி காலுறை.

"இன்றைக்குப் படகே போகவில்லை.
பிள்ளைக்கு நாளை பரீட்சை" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.
காற்றோட்ட வரைபடம், ஈரப்பதக் கணக்கு,
பதினேழு பக்கத் தொழில் திட்டம்,
எல்லாவற்றையும் சுருட்டி
அந்தக் காலுறைக்குள் திணித்த மாதிரி இருந்தது.
"மீன் வாசனை அடிக்குமே" என்றேன்.
வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.
"இங்கே எதில் அடிக்கவில்லை?"

சட்டையை உதறினாள்,
கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.
பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து
இருபது ஷில்லிங் நாணயத்தைத்
தட்டின் விளிம்பில் வைத்தாள்.
நான் கேட்கவில்லை.
பத்தொன்பது மாதத்தில்
கேட்காமல் வந்த முதல் காசு.

வரவு என்ற பத்தியில் எழுதப் போனேன்.
அதன் தலைப்பில் 'மீன், கிலோவில்' என்று
ஒபியேரோவின் கையெழுத்து.
அடிக்க மனம் வரவில்லை.
கீழே சின்னதாக எழுதினேன்,
சட்டை ஒன்று, ஸ்வெட்டர் ஒன்று, காலுறை இரண்டு.
காலுறையை ஒன்றென்று எண்ணுவதா இரண்டென்றா
என்பதிலேயே கால்மணி நேரம் போனது.

இது தொழிலா, எனக்குத் தெரியாது.
பதினோராவது மாடிக்கு
இதை எப்படிச் சொல்வதென்றும் தெரியாது.
மழை இன்னும் விடவில்லை.
வாசலில் யாரோ, தலையில் சுமையோடு.
நனைந்து கனக்கிற பஞ்சு மெத்தை.
கதவைவிட அகலம்.
நுழையாது என்று சொல்ல வாயெடுத்து,
அளவு நாடாவைத் தேடுகிறேன்.