அமலோற்பவத்துக்கு, எட்டு போடுவது பற்றி

நண்டு ஓடு உடைத்துக்கொண்டே கேட்டாய்
இந்த வயதில் எப்படிடி என்று.
சூப்பர்வைசர் பின்னால் நின்றார்,
பதில் சொல்லவில்லை.
இப்போது எழுதுகிறேன்.

முதலில் வண்டியைத் தொடாதே. நட.
வடக்குக் கடற்கரையில்
தண்ணீர் வடிந்த ஈர மணலில்
குதிகாலால் இரண்டு வட்டம் கீறு,
ஒன்றையொன்று தொட்டபடி.
அந்தக் கோட்டின் மேல் நட.

டாக்டரம்மா சொன்னது இருபது நிமிடம்.
நான் முதல் நாள் நடந்தது நான்கு.
கெண்டைக்கால்
கருவாட்டுக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது.
உட்கார்ந்துவிட்டேன்.
அலை வந்து எட்டை அழித்தது.
நல்லது, யாரும் பார்க்கவில்லை.
மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள்
சோம்பல், கணக்கில் வராது.

நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்கு
நடை எதற்கு என்பார் உன் வீட்டுக்காரர்.
கேள்: நங்கூரம் போட்டுக் கிடந்த நாளை
கடலுக்குப் போன நாளாக எழுதுவீர்களா?

மூன்றாம் மாதம்
நாத்தனார் செல்வராணியின் பழைய ஸ்கூட்டர்.
அவள் பின்னால் உட்கார்ந்து
இரண்டு காலையும் துடுப்பு மாதிரி தொங்கவிட்டாள்.
கண் போகிற இடத்துக்கு வண்டி போகும் என்றாள்.
நான் வலை காய்கிற இடத்தைப் பார்க்கக் கூடாது
பார்க்கக் கூடாது என்றே பார்த்தேன்.
சக்கரத்திலிருந்து நரம்பு வலையைப் பிரிக்க
இரண்டு பேர், ஒரு மணி நேரம்,
முந்நூறு ரூபாய்.
முட்டியில் ஒரு வெடிப்பு.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும், அமலா.
ராமநாதபுரத்து ஆஸ்பத்திரி ஜன்னலில்
காப்பீட்டு அட்டையை நீட்டினேன்.
லூர்து பிரகாஷ், ஆண், நாற்பத்தாறு
என்றது கம்ப்யூட்டர்.
பிரகாசி என்றேன். சேலையைக் காட்டினேன்.
அட்டையில் சேலை இல்லையே என்றான் அந்தப் பையன்,
சிரிக்காமல்.
மாவுக்கட்டுக்குத் தோடு போனது.
சின்னத் தோடுதான், ஆனாலும் தோடு.

அதனால்
காய்ச்சல் இல்லாத நாளில் அட்டையை எடுத்துப் பார்.
பெயர், வயது, பிள்ளைகள் பெயர்,
ஒவ்வொரு புள்ளியையும் பார்.
எந்த ஆஸ்பத்திரி ஏற்கும், எதற்கு ஏற்காது,
படுத்தால் மட்டுமா, மாத்திரைக்கும் உண்டா
எல்லாம் கேள். கேட்டால் கோபப்படுவார்கள்.
படட்டும்.
தனியாகப் பாலிசி எடுத்தால்
சர்க்கரை உண்டா என்ற கட்டத்தில்
உண்டு என்றே எழுது.
ஏஜெண்டு கண்ணடிப்பான். அவன் பின்னால் வரமாட்டான்.
காத்திருக்கச் சொல்லும் வருஷங்களை
இன்றைக்கே எண்ணத் தொடங்கலாம்,
நெஞ்சு வலித்த பிறகு எண்ண முடியாது.

கட்டுப் பிரித்ததும் மறுபடி மணல்.
மறுபடி நான்கு நிமிடம்.
அன்றைக்குத்தான் கொஞ்சம் அழுதேன்.

லைசென்ஸுக்குப் போன நாள் கச்சான் காற்று.
பாம்பன் பாலத்தில் வண்டி
தானாகவே வடக்கே நகர்ந்தது.
கைப்பிடியை நெரிக்காதே, தோளைத் தளர்த்து,
காற்று வரும் பக்கம் கொஞ்சம் சாய்.
நின்று ரயில் பாலத்தைப் பார்க்கிறவர்கள்
உன்னையும் பார்ப்பார்கள்.
நீ பார்க்காதே.

முதல் தடவை கால் ஊன்றிவிட்டேன்.
அடுத்த வாரம் வா என்றார்கள்.
அடுத்த வாரம் நான் சுற்றி வந்தபோது
இன்ஸ்பெக்டர் போனில் இருந்தார்.
நிமிராமலே, சரிம்மா போ என்றார்.
எனக்கு வந்த கோபத்தில்
ஹாரன் அடித்து
அவர் பார்க்கப் பார்க்க
இன்னொரு எட்டு போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வா.
தண்ணீர் பாட்டில், பழைய செருப்பு,
உன் அட்டை.
ஹெல்மெட் நீயே வாங்கு,
என்னுடையது உன் கொண்டைக்குப் பத்தாது.