நம்ம கோர்ட் இல்லை

தேவகோட்டை சப்-கோர்ட்டில் அப்பா டவாலி.
வாசலில் நின்று பேரை மூன்று முறை கூப்பிடுவார்.
மூன்றாவதில் குரல் சற்று இறங்கும்,
வராதவர் மேல் இரக்கப்பட்டதுபோல.

கறுப்பு அங்கியோடு நான் நுழைந்த முதல் நாள்
அப்பா ஒதுங்கி நின்றார்.
நானும் ஒதுங்கினேன்.
பின்னால் வந்த குமாஸ்தா இருவரையும் திட்டினார்.

வயிரவன் சாரிடம் ஜூனியர்.
மாதம் மூவாயிரம், டீ தனி.
என் தலையில் விழுந்த கட்டு
தொண்ணூற்றொன்றாம் வருஷத்துப் பாகப்பிரிவினை:
இரண்டு தெருவுக்கு நீளும் ஒரே வீடு,
நூற்றுப் பதினேழு பங்குதாரர்,
ஈப்போவில் நாலு பேர்,
பேர் மட்டும் தெரிந்தவர் ஒருவர்.
வாய்தாவுக்கு ஒருவர் இறப்பார்.
வாரிசைச் சேர்க்க மனு எழுதுவேன்.
மனு நம்பர் ஆவதற்குள் வாரிசுக்கு நெஞ்சுவலி.
செத்தவர் பேரையும் அப்பா
மூன்று முறைதான் கூப்பிட்டார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை தவசி வந்தான்.
காளையார்கோவில் பக்கம். லீவில் வந்த சிப்பாய்.
மஞ்சள் பையில் இந்தியும் இங்கிலீஷுமாகக் காகிதம்.
காவல் நேரத்தில் தூங்கியதாகக் குற்றச்சாட்டு.
"மூணு ராத்திரி தொடர்ந்து டூட்டி, மேடம்.
தூங்கலைன்னு சொல்லலை.
ஏன்னு யாரும் கேக்கலை."
சார் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:
"இது நம்ம கோர்ட் இல்லப்பா."

நம்ம கோர்ட் எது சார் என்று கேட்கப் போனவள்
டீ வாங்கப் போனேன்.
பக்கத்துக் கடையில்
அவன் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்தேன்.

அது இழுத்துப்போன ராணுவ விதிப் புத்தகத்தில்
அன்று இரவு ஒரு சொல்:
குற்றஞ்சாட்டப்பட்டவரின் நண்பர்.
வக்கீல் இல்லை. நண்பர்.
பக்கத்தில் உட்காரலாம், யோசனை சொல்லலாம்,
சாட்சியை விசாரிக்கக் கூடாது.
இத்தனை விறைப்பான புத்தகத்தில்
இதை யார் எழுத விட்டார்கள்?

ராணுவச் சட்டப் பிரிவுக்கு விண்ணப்பம்.
சட்டப் பட்டம். இருபத்தேழு வயதுக்குள்.
மணமாகாதவர்.
கடைசி வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன்.
பள்ளத்தூர் மாப்பிள்ளை ஜாதகம்
பீரோவுக்குத் திரும்பியது.
அரசாங்கக் காகிதம் ஒன்று
முதன்முதலாக என் கட்சிக்கு வாதாடியது.

ஊருணியை ஒரு சுற்று சுற்றினால் அறுநூறு மீட்டர்.
நாலு சுற்று, பதினைந்து நிமிஷம்.
செம்மண் காதுவரை ஏறும்.
முதல் வாரம் நாய்கள் துரத்தின,
அப்புறம் சலித்துப் படுத்துக்கொண்டன.
குடத்தோடு நின்றவர்கள் கேட்டார்கள்:
"யாருக்கும்மா பயந்து ஓடுற?"

சார் மட்டும் சரியாகக் கேட்டார்.
"அங்கே நீ ஆபீசர்.
கோர்ட்டுக்குச் சட்டம் சொல்லுவே, அவனுக்கில்ல.
தவசி உனக்கு எதிரே நிப்பான்,
பக்கத்துல இல்ல. தெரியுமா?"
தெரியும்.
பதில் மனு இன்னும் தாக்கல் செய்யவில்லை.

பெங்களூரில் ஐந்து நாள்,
நெஞ்சில் இருபத்தொன்று என்று ஒரு துணி.
கயிறு, பலகை, ஒன்பதடிப் பள்ளம்.
பெரியநாயகி என்று யாரும் கூப்பிடவில்லை.
மேஜைக்கு அப்பால் மீசை வைத்தவர் கேட்டார்,
வக்கீலுக்கு ராணுவத்தில் என்ன வேலை?
பாகப்பிரிவினைக் கதையைச் சொன்னேன்.
நூற்றுப் பதினேழு பேருக்கும் பங்கு உண்டு, சார்,
ஒருத்தருக்கும் நண்பர் இல்லை.
அவர் ஏதோ எழுதினார். தலைகீழாகப் படிக்க முடியவில்லை.

கடிதம் வந்தது.
அப்பா கைதுடைத்து வாங்கி
முத்திரையைத்தான் முதலில் பார்த்தார்.
"அங்கே பேரை யாரு கூப்பிடுவா?"
"நம்பர்தான்பா."
"நம்பர்னா ஒருதரம் போதும்," என்றார்.

தவசிக்கு இருபத்தெட்டு நாள் தண்டனை,
முடித்துவிட்டுப் போன் செய்தான்.
சேதி கேட்டு ரொம்ப நேரம் சிரித்தான்.
"அப்ப இனிமே உங்களைப் பாத்தா
நான் சல்யூட் அடிக்கணுமா, மேடம்?"

"அடிக்கணும், தவசி."

அதற்குப் பிறகு
இரண்டு பக்கமும் சிக்னல் சரியில்லை.