சாக்கு எடை கழித்து

உசிலம்பட்டி கமிஷன் கடையில்
ஒன்பது வருஷம் எடை போட்டவள் நான்.
தேங்காய், பருத்தி, மொச்சை.
சாக்குக்கு ஒரு கிலோ கழிப்போம்.
சாக்கு முக்கால் கிலோகூட இருக்காது.
அந்தக் கால் கிலோக்களில்
முதலாளி மாடி எடுத்தார்.

பயிற்சியின் முதல் நாளே இதை
டோரத்தி சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"தராசு பழகின கை, முன்னால வந்து உட்காரு" என்றார்.

சேடபட்டி ஆஸ்பத்திரி மாடி.
ஒழுகும் மூலையில் ஒரு வாளி.
முப்பத்தோரு பெண்களுக்கு ஒரே பொம்மை,
ரப்பர்ப் பிள்ளை.
வரிசையில் நின்று ஆளுக்கொரு தரம்
பையை அமுக்கி மூச்சுக் கொடுப்பதற்குள்
மத்தியானச் சாப்பாடு வந்துவிடும்.
இதற்கு முன் எத்தனை ஊரில் எத்தனை கை பட்டதோ,
மூக்கு தேய்ந்து போயிருந்தது.
சாயங்காலம் பெட்டியில் வைக்கும்போது
ஒச்சம்மா அதற்குத் துணி சுற்றினாள்.
"குளிருமே" என்றாள்.
பொம்மைதானே என்று
யாரும் சொல்லவில்லை.

வருகைப் பதிவில் என் பெயர் வரும்போது மட்டும்
வாசிக்கிற குரல் கொஞ்சம் இடறும்:
போதும்பொண்ணு.
நாலாவதாகப் பிறந்தவள்.
எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லி வைத்த பெயர்.
இங்கே எனக்குக் கொடுத்த வேலையோ எண்ணுவது.

வயிறு ஏறி இறங்கினால் ஒன்று.
முழு நிமிஷம் எண்ண வேண்டும்,
அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது.
பச்சைப் பிள்ளைக்கு அறுபதைத் தொட்டால்
செருப்பைத் தேடாதே, தூக்கிக்கொண்டு கிளம்பு.
அன்றைக்கு பஸ்ஸில் தூங்கியவர்கள் வயிற்றையெல்லாம்
எண்ணிக்கொண்டே ஊர் வந்தேன்.
பின்சீட்டு ஆட்டு வியாபாரிக்குப் பதினெட்டு.

ஐந்தாம் நாள் பழைய பதிவேட்டை விரித்தார்கள்.
ஏழு ஊரை ஒரே ஆள் பார்த்த காலத்தது.
பிறந்த எடை என்ற கட்டத்தில்
இரண்டரை. இரண்டரை. இரண்டரை.
பக்கம் முழுக்க ஒரே மை.
உட்கார்ந்த உட்காரலில் எழுதிய கை.
எனக்கு அந்தக் கையைத் தெரியும்.
சாக்குக்கு ஒரு கிலோ என்று
நான் எழுதிய கைதான் அது.
ஆனால் இதில் யாரும் மாடி எடுக்கவில்லை.
ஏழு ஊர், ஒரு சைக்கிள்,
மாசக் கடைசியில் கணக்குக் கேட்பார்கள்,
அவ்வளவுதான்.

எழுமலைக்கு மேற்கே
மொச்சைக் காட்டைத் தாண்டி என் முதல் வீடு.
விட்டத்தில் தராசைக் கட்டினேன்.
தூளியில் பிள்ளை.
முள் நடுங்கி நடுங்கி
இரண்டு கிலோ நூறில் நின்றது.
பிள்ளையை இறக்கிவிட்டு
வெறும் தூளியை மாட்டினேன். இருநூறு.
இருநூறைத்தான் கழித்தேன்.
ஒரு கிராம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பேனாவைத் திறந்தபோது சுகப்பிரியா சொன்னாள்:
"ரெண்டரைன்னு போட்டிருங்கக்கா.
போன பிள்ளைக்கும் அதான் போட்டாங்க."

போன பிள்ளை எங்கே என்று கேட்கச்
சொல்லித்தந்திருக்கிறார்கள்.
அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
நான் வாசல் கொடியைப் பார்த்தேன்.
காய்ந்ததெல்லாம் கைக்குழந்தைத் துணி.
வேறு அளவில் ஒன்றுமே இல்லை.

ஒன்று புள்ளி ஒன்பது என்று எழுதினேன்.
"குறைச்சலாக்கா?"
"குறைச்சல்தான்" என்றேன்.
பிள்ளையை அவள் நெஞ்சுத் தோலோடு சேர்த்து
சேலை முந்தியால் கட்டினேன்.
தலைக்குத் தொப்பி. இரண்டு மணிக்கொரு தரம் பால்.
இப்போதைக்குக் குளிப்பாட்டாதே.
என் நம்பரைக் கரித்துண்டால் சுவரில் எழுதினேன்.
பிறகு வாட்சைக் கழற்றி மடியில் வைத்து எண்ணினேன்.

ஐம்பத்தெட்டு.

மறுபடி எண்ணினேன். ஐம்பத்தாறு.
நாலு பத்து பஸ்
ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.
அடுத்தது ஆறேகாலுக்கு.
இருக்கட்டும்,
எனக்கு ஒரே ஊர்தான்.
மூன்றாம் தரம் எண்ண ஆரம்பித்தேன்.