பதினோரு நிமிஷம்

பதினோரு நிமிஷம் ஓடும்.
அப்புறம் குரல் இளைக்கும்,
புகை வெளுக்கும்,
மூன்றாம் சாலின் நடுவில்
செம்பூரான் பாறை தலைகாட்டும் இடத்துக்கு
நாலு முழம் முன்னால்
நின்றுவிடும்.

மாஸே ஆயிரத்து முப்பத்தைந்து.
என்னைவிட ஒன்பது வயது இளையது.
கல்லல் பக்கம் ஒரு கொட்டகையில்
மாடு பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன்.
பல் பிடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மழை பெய்து இரண்டு நாள்.
இந்த மண்ணில் ஈரம் மூன்றாம் நாள் தங்காது.
விதை மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு
பெரியநாயகி இதோடு நாலாவது போன்.

முதலில் ஃபில்டர்.
கிண்ணத்தின் அடியில் கடுகளவு தண்ணீர்.
கொட்டித் துடைத்துப் புதுசு மாட்டினேன்,
நானூற்று எண்பது ரூபாய்.
டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டேன்.
பாதிக்கு மேல் டீசல்.
கிளப்பினால் ஓடியது,
பதினோரு நிமிஷம்.

அப்புறம் காற்று.
ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்தி
கைப்பம்பைப் பெருவிரல் மரத்துப்போக அமுக்கினேன்.
நுரை வந்தது, பிறகு மொச்சையளவு குமிழிகள்,
பிறகு குமிழியில்லாத டீசல்,
முழங்கை வரை.
முனியய்யாவுக்கு ஒரு தேங்காயும் நேர்ந்தேன்.
குச்சி விட்டுப் பார்த்தேன்.
ஓடியது.
கைப்பேசியில் மணி பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
அதே.

தேவகோட்டையிலிருந்து சந்தியாகு வந்தார்,
மொபெட்டின் முன்னால் சாக்குப்பையில் ஸ்பேனர்கள்.
எஞ்சின் ஓட ஓட
முதல் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தினார்.
சத்தம் நொண்டியது.
இறுக்கிவிட்டு இரண்டாவது. நொண்டியது.
மூன்றாவதும் நொண்டியது.
"மூணும் நல்லா அடிக்குது.
பம்புதான் போயிருக்கு.
கழற்றி மதுரைக்கு அனுப்பணும்.
பதினாலாயிரம், எட்டு நாள்."

எட்டு நாளில் இங்கே
மண்வெட்டி துள்ளும்.

டீசல் இருக்கா என்று அவரும் மூடியைத் திறந்தார்.
அவரும் மூடினார்.
அவர் டீ குடித்து, கிளாஸைக் கழுவி,
இருநூறு வாங்கிக்கொண்டு கிளம்பும்வரை
அது மிக ஒழுங்காக ஓடியது.

மத்தியானம்.
எஞ்சின் நின்றிருந்தது. போன் அடிக்கவில்லை.
வேப்பமரத்தில் காக்காய்கூட இல்லை.
செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல்
மறுபடியும் மூடியில் கை வைத்தேன்.
உள்ளிருந்து யாரோ பிடித்திழுப்பதுபோல
ஒட்டிக்கொண்டு வரமறுத்தது.
திருகினேன்.
உஸ்ஸ்...
சூடான ரசத்தை உறிஞ்சுகிற சத்தம்.

காலையிலிருந்து எல்லாரும் திறந்த மூடி.
திறந்ததால்தான் ஓடியிருக்கிறது.
ஃபில்டரால் என்று நினைத்தேன்,
காற்றெடுத்ததால் என்று நினைத்தேன்,
தேங்காயால் என்றுகூடக் கொஞ்சம்.

மூடியின் நடுவே ஊசி நுழையும் துளை ஒன்று இருக்கும்.
டீசல் இறங்க இறங்க
அந்த இடத்துக்குக் காற்று வர.
அதன்மேல் சந்தனம்,
சந்தனத்தின்மேல் குங்குமம்,
பெரிய வீட்டுச் சுவரின் முட்டைச்சாந்து மாதிரி
இறுகிப்போய்.

நான் வைத்ததுதான்.
நாலு நாள் முன்னால் ஆயுத பூஜைக்கு
விளக்கு இரண்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும்
கொழு ஒன்பதுக்கும் வைத்துவிட்டு
விரலில் மிச்சமிருந்ததை
அங்கே வைத்தேன்.
துடைத்தேன் என்பதுதான் சரி.

தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிக்
குத்தினேன்.

பாறை வந்தது.
கலப்பையைத் தூக்கித் தாண்டி இறக்கினேன்.
பன்னிரண்டாம் நிமிஷத்தில் மட்டும்
கால் தானாகக் கிளட்சுக்குப் போய்த் திரும்பியது.
வெயில் சாய்ந்து, விளக்குப் போட்டு,
கடைசி மூலையையும் முடித்தேன்.

பெரியநாயகி வரப்பில் நின்று
ரூபாயை எண்ணி நீட்டினாள்.
"வண்டியில அப்படி என்னதான் கோளாறு?"

"பம்பு" என்றேன்.