ரிலீவ் கொப்பி

காலை ஏழு இருபதுக்குச்
சிவப்பு மட்டைக் கொப்பியைத் திறப்பது என் வேலை.
வராத ஆசிரியர்கள் இடப்பக்கம்;
அவர்களுக்குப் பதில் ஆர் என்பது வலப்பக்கம்.
கணித சேர் முகத்தை மற்றப்பக்கம் திருப்புவார்.
சங்கீத ரீச்சருக்குத் தொண்டை.
பிறகு பேனை தன்பாட்டில் எழுதும்:
எட்டு பீ லைப்ரரி. ஒன்பது ஏ லைப்ரரி.
ஆளின் பெயரல்ல அது, அறையின் பெயர்.
பதினொரு வருசம் அப்படித்தான் எழுதினேன்.

"உங்களுக்கென்ன மதனகௌரி, நிழலில இருக்கிற வேலை"
என்று தேத்தண்ணி நேரம் சொன்னது
நானில்லை.
சிரித்தது நான்தான்.

கோண்டாவில் செம்மண்
மாரியில் பிள்ளைகளின் காலோடு படியேறும்.
வாசலில் ஒரு சாக்கு விரித்திருப்பார்.
பெடியள் வைத்த பட்டம் சீல் மிஸ்.
அவர் திகதி குத்துகிற சத்தம்
பக்கத்து அறையில் நான் வரலாறு படிப்பிக்கையில்
டக், டக் என்று கேட்கும்.
ஏழு சீ துவாரகன்
பாம்புகள் பற்றிய அதே புத்தகத்தை
ஒன்பது தரம் எடுத்திருக்கிறான்.
"வேற எடன்" என்று ஒருநாளும் சொன்னதில்லையாம்.
"இந்தமுறையாவது கடிச்சதோ?"
என்று மட்டும் கேட்பாவாம்.

வலயத்திலிருந்து வந்த அதிகாரி
பதிவேட்டில் விரலை ஓட்டி நிறுத்தினார்.
"நாற்பத்திரண்டு புத்தகம் திரும்பி வரேல்லை."
"வாசிச்சுக் கொண்டிருக்கினம், சேர்."
"நாலு வருசமாவோ?"
"சிலபேர் ஆறுதலா வாசிப்பினம்."
அதிபர் இருமினார்.
மாதக் கடைசியில் மிஸ்தான் காசு கட்டினார் என்பது
அலுவலகப் பற்றுச்சீட்டில் கிடந்தது.
அதைக் கேட்க எனக்கு நேரமில்லை.

வருகைப் பதிவேட்டில் "நோக்கம்" என்றொரு நிரல்.
சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் இடைவேளைக்கு வந்து
மூலை மேசையில் தலைகவிழ்ந்து கிடந்த அபிசாவுக்கும்
அவர் எழுதியிருந்தது: வாசிப்பு.
ஃபானுக்குக் கீழே ஒதுங்கிய
பதினொராம் ஆண்டுக் கூட்டம் முழுவதுக்கும்
வாசிப்பு, வாசிப்பு, வாசிப்பு.

இதையெல்லாம் நான் கண்டது போன வியாழன்,
பரிசளிப்பு விழாவுக்கு அடுத்தநாள்.
நன்றியுரை என்னுடையது.
பந்தல்காரர், ஒலிபெருக்கி, சிற்றுண்டி,
தண்ணீர்த் தாங்கி அனுப்பிய பிரதேசசபை வரைக்கும் சொன்னேன்.
இறங்கி வந்து கதிரையில் இருந்த பிறகுதான்
பரிசுப் புத்தகங்களுக்கெல்லாம்
இரவிரவாக உறைபோட்ட கை ஞாபகம் வந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்கவில்லை.
"ஒரு புத்தகம் வேணும்" என்றேன்.
"என்ன புத்தகம்?"
அதுவும் தெரியவில்லை.
அவர் லாச்சியை இழுத்து ஒரு வாசகர் அட்டையை எடுத்தார்.
என் பெயர். முதலெழுத்தில்கூடப் பிழையில்லை.
வருசாவருசம் புதுப்பித்த சீல்
ஒன்றின்கீழ் ஒன்றாகப் பதினொன்று.
புத்தகம் எழுதும் நிரல் முழுக்க வெள்ளை.
"ஒருநாள் வருவியள் எண்டு..." என்றார்.
"முதல்ல இருங்கோ. ஃபான் அங்கால."

இன்று காலை ஏழு இருபது.
மூன்று பேர் வரவில்லை; ஒருவருக்கு டெங்கு.
தேடினேன். உண்மையாகவே வேறு ஆளில்லை.
ஏழாம் பாடவேளை, எட்டு பீ:
அந்தச் சின்னப் பெட்டிக்குள் எழுத்தை நெருக்கி
மதனகௌரி என்று எழுதினேன்.
"ரி" கோட்டுக்கு வெளியே போய்விட்டது.