கூட்டம் முடிந்தது, மணி எட்டு நாற்பத்தேழு

பத்தொன்பது ஓட்டு.
மறுபடி எண்ணினோம், தீயணைப்பு நிலையத்தில்,
மன்றக் கூடத்தின் கொதிகலன் பழுதாகியிருந்ததால்.
வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
மடக்கு மேசைகள் போட்டு
விரல் மட்டும் தெரியும் கையுறையோடு எண்ணினோம்.
பத்தொன்பது பதினேழானது. அவ்வளவுதான்.
பதினான்கு வருட மேயர் டார்வின் ஹால்வர்சன்
தொப்பியைத் தலையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து
"சரி, காபி மிச்சம் இருக்கிறதா?" என்றார்.

நான் நகரச் செயலர்.
நடவடிக்கைக் குறிப்பின் கடைசி வரியில்
என் பெயர் இருக்கும்; யாரும் அதுவரை படிப்பதில்லை.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை பேர் ஆம், எத்தனை பேர் இல்லை.
பெருமூச்சுக்கு அதில் இடமில்லை.

வென்றவள் கொரின் பட்னோட்,
பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவள்,
தாதுத் துறைமுகத்தில் எடைமேடை வேலை.
ஒன்பது வருடமாக, மாதம் இரண்டு செவ்வாய்,
பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நிற்பாள்;
பைன் தெரு வீடுகளின் நிலவறையில் ஏறும் தண்ணீர் பற்றி.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஹால்வர்சன் மேசை மணியைத் தட்டுவார்.
அவள் நிறுத்த மாட்டாள்.
மறுபடி தட்டுவார்.
"குழாய்க்குக் காது கிடையாது, மேயரே" என்றாள் ஒருமுறை.
நான் எழுதியது:
'திருமதி பட்னோட் வடிகால் குறித்துப் பேசினார்.'
இருநூறு தடவை அதே வரி.
பாதிக்கு மேல் நகலெடுத்து ஒட்டினேன்,
ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி, முதல் செவ்வாய்.
ஏரி கரையோரம் உறைந்து, நடுவில் புகைந்துகொண்டிருந்தது.
ஹால்வர்சன் சாவிகளைக் கொண்டுவந்தார்,
இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு.
இருபத்தாறு சாவி.
இது மன்றக் கூடம், இது உப்புக் கிடங்கு,
இது கல்லறைத் தோட்டம், குளிரில் கொஞ்சம் தூக்கித் திருப்பு,
இது... தெரியாது. இதுவும் தெரியாது.
எனக்கு முந்தியவர் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்,
கேட்க வெட்கமாக இருந்தது.
அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
தெரியாத ஐந்தையும் தனி வளையத்தில் கோத்து
பையில் போட்டுக்கொண்டாள்.

கையை உயர்த்தினாள், உறுதி சொன்னாள், கைதட்டினார்கள்.
வெர்ன் டோய்வோனென் மட்டும் தட்டவில்லை,
குளிருக்குக் கை தேய்த்துக்கொண்டிருந்தார்;
பின்வரிசையிலிருந்து பார்த்தால்
இரண்டும் ஒன்றுதான்.

பிறகு பொதுமக்கள் நேரம்.
பதிவேட்டில் ஒரே ஒரு பெயர்.
ஹால்வர்சன் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார்.
அதன் கழுத்தை நிமிர்த்தத் தெரியவில்லை;
இத்தனை வருடம் எதிர்ப்பக்கத்திலிருந்தே அதைப் பார்த்தவர்.
குனிந்து பேசினார்.
முகவரி சொல்லவேண்டும் என்பது விதி, சொன்னார்.
பனிவாரி ஓட்டுநர்களுக்கு நன்றி, பெயர் பெயராக;
அதிலேயே இரண்டு நிமிடம் போனது.
அப்புறம், தொண்டையைச் செருமி,
"பைன் தெருவில் ஒரு வால்வு இருக்கிறது.
எந்த வரைபடத்திலும் இல்லை. மூடிக்குப் பூட்டு.
நான் ஒருமுறை..."

மணி.

கொரின்தான் தட்டினாள். சரியாக மூன்று நிமிடம்.
தட்டிய கையை எடுக்கவில்லை,
அதிர்வை அமுக்குவதுபோல் அங்கேயே வைத்திருந்தாள்.
அவள் ஒருநாளும் செய்யாததை அவர் செய்தார்:
பாதி வாக்கியத்தில் நிறுத்தி, உட்கார்ந்தார்.

'திரு. ஹால்வர்சன் வடிகால் குறித்துப் பேசினார்.'
கூட்டம் முடிந்தது, மணி எட்டு நாற்பத்தேழு.

அதற்குப் பிறகு நடப்பது என் பொறுப்பில் வராது.
காரின் கண்ணாடியில் உறைபனி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பைன் தெரு முனையில் டார்ச் வெளிச்சம்.
லூதரன் கோயில் வேலியிலிருந்து ஹால்வர்சன்
அடி எண்ணி நடந்தார், பதினொன்று, பன்னிரண்டு,
நின்றார், குதிகாலால் உதைத்தார்.
கொரின், பதவியேற்ற அதே நல்ல கோட்டோடு,
மண்வாரியை இறக்கினாள்.
பனி, அதற்கடியில் பனிக்கட்டி, அதற்கடியில்
டங்கென்று இரும்பு.
இரண்டு பேரும் முழங்காலிட்டார்கள்.
அவள் பையிலிருந்து அந்தச் சின்ன வளையத்தை எடுத்தாள்.

முதல் சாவி நுழையவில்லை.
இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை.
அவர் எதுவோ சொன்னார், கேட்கவில்லை,
அவள் சாவியை வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.
எனக்குக் கால் மரத்துவிட்டது.
வண்டியைக் கிளப்பிக்கொண்டு
வீட்டுக்குப் போய்விட்டேன்.